கலெக்டர் முன்னால் ஒரு 'வேண்டாம்'

குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கும் உங்களில் யாரிடமாவது ஒரு குழந்தை ஒருநாள் "வேண்டாம்" என்று சொல்லும். தாள்கள் எல்லாம் சரியாக இருக்கும். பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இன்றைக்கு இந்த வேலை முடிந்துவிடும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லும். அந்த நேரத்தில் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டமும் விதிகளும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டரில் எந்தச் சான்றிதழை எந்த இடத்தில் ஏற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்களில் ஒருவர்தான். அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இந்த வேலையில் இருந்து நான் ஓய்வு பெற்ற பிறகும் அல்லிநகரத்தில் காய்கறி வாங்கப் போகும்போதுகூட நினைவுக்கு வருகிற ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரைச் சொல்லப்போவதில்லை; கம்பத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தத்து மனு வந்தபோது ஹரிணிக்கு ஒன்பது வயது. அவளுடைய அப்பா முத்துக்குமார் ஜீப் ஓட்டியவர். விடியும்போது கம்பத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். அம்மா செல்வியும் அதே ஜீப்பில்தான் தோட்ட வேலைக்குப் போய்வந்தார். அதற்குச் சில வருஷம் முன்பு ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஜீப் உருண்டது. கூட வந்தவர்கள் காயங்களோடு பிழைத்தார்கள். முத்துக்குமாரும் செல்வியும் பிழைக்கவில்லை. ஹரிணி அப்போது முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

செல்வியின் அக்கா பாண்டியம்மாளும் அவருடைய கணவர் ராஜாங்கமும் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ராஜாங்கத்துக்குத் திராட்சைத் தோட்டம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. முத்துக்குமாரின் பக்கத்தில் ஒரே ஒரு தங்கை, ஈஸ்வரி. வடுகபட்டியில் கணவரோடு பூண்டு வியாபாரம் செய்கிறவர். அவருக்கே மூன்று பிள்ளைகள். ஆக, ஹரிணி பெரியம்மா வீட்டில் வளர்வதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. பெரியம்மாவும் ஒரு அம்மாதானே என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு எதற்குத் தத்து? ராஜாங்கத்தைத்தான் கேட்டேன். அதிகம் பேசாத மனிதர். வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"நாளைக்கு எங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, இது யாரு பிள்ளைன்னு எவனும் வந்து கேட்டுறக் கூடாதுங்க மேடம். எங்க பிள்ளைன்னு சட்டத்துல இருக்கணும்."

உறவுக்குள் தத்தெடுப்பதில் நமக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. பெற்றோர் இருவரும் இல்லாததால் குழந்தைகள் நலக் குழு ஹரிணிக்காக அனுமதி கொடுத்தது. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தேன். ஈஸ்வரியும் குழுவின் முன் வந்து, தனக்கு மறுப்பு இல்லை என்றார். சொல்லும்போது அழுதார். தனியாக, "எங்கண்ணன் பேரு அத்துப்போகுமேன்னுதான் மேடம்..." என்றார். ஹரிணியிடம் தத்து என்றால் என்ன என்று விளக்கினேன். பெரியம்மா பெரியப்பாவோடு இருக்கப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது என்று தலையாட்டினாள். முன்பெல்லாம் நீதிமன்றம் போட்ட ஆணையை இப்போது கலெக்டரே போடுகிறார். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

விசாரணை கலெக்டரின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. கலெக்டர் வடக்கே இருந்து வந்த இளைஞர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஹரிணியின் உயரத்துக்குக் குனிந்து கேட்டார்:

"பாப்பா, இனிமேல் உன் பெரியம்மா உனக்கு அம்மா. பெரியப்பா உனக்கு அப்பா. உனக்குச் சம்மதமா?"

"வேண்டாம்."

தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் நினைத்தார். மறுபடி கேட்டார்.

"வேண்டாம் சார்."

பாண்டியம்மாள், "ஏ ஆத்தா, என்னடி சொல்லுற?" என்று எழுந்தே விட்டார். ராஜாங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹரிணி உதட்டை மடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டும் ஒரு சொல் வரவில்லை.

எங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் ஈஸ்வரி உட்கார்ந்திருந்தார். பாண்டியம்மாள் நேராக அவரிடம் போனார்.

"நீதான சொல்லிக் குடுத்த? போன வாரம் வந்து ரெண்டு நாளு தங்கிட்டுப் போனியே, அதுக்குத்தான?"

"எம்பிள்ளைக மேல சத்தியமா நான் அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லல மதினி!"

"பெறகு எவ சொன்னா?"

மனுக்களோடு காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஹரிணி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். அந்த நேரத்தில் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

"மேடம், ரெண்டு நிமிஷம் பாப்பாவத் தனியா கூட்டிட்டுப் போய்ப் பேசுங்க. நீங்க சொன்னா சரிங்கும். ஐயாவுக்கு மாறுதல் வரப்போகுதுன்னு பேச்சு. புதுசா ஒருத்தர் வந்து, முதல்ல இருந்து படிச்சு, எப்ப முடியப்போகுது? பாவம், அந்த ஆளுக மொகத்தப் பாருங்க."

பார்த்தேன். ராஜாங்கம் சுவரில் சாய்ந்து நின்றார். பத்துப் பேர் நடுவில் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி நின்றார்.

அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. ஹரிணிக்கு என்னைப் பிடிக்கும். மண்டியிட்டு உட்கார்ந்து, "எனக்காகச் சரின்னு சொல்லுடா" என்றால் சொல்லியிருப்பாள். அன்றைக்கே ஆணை வந்திருக்கும். எல்லோரும் அழுது, சிரித்து, ஊருக்குப் போயிருப்பார்கள். இந்த வேலையில் உங்களுக்கு வரும் பெரிய சோதனை லஞ்சமோ மிரட்டலோ அல்ல. நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல முடிவைச் சீக்கிரம் முடித்துக்கொடு என்று கேட்பதுதான்.

நான் ஹரிணியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையை ஈஸ்வரி கையிலும் கொடுக்கவில்லை, பாண்டியம்மாள் கையிலும் கொடுக்கவில்லை. எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தியிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

"சார், இப்ப வெளிய போய் இந்தப் பிள்ளைகிட்ட இருந்து ஒரு 'சரி' வாங்கிட்டு வர என்னால முடியும். ஆனா அது என்னோட 'சரி'யாத்தான் இருக்கும். எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க."

கலெக்டர் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். "குழந்தை மறுத்துவிட்டது என்று எழுதினால்?"

"எழுதிட்டா மனு முடிஞ்சிரும் சார். அவ எதை மறுத்தான்னு நமக்கு இன்னும் தெரியாது."

அவர், விசாரணை முடியவில்லை, ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதினார். "நான் இந்த ஊரில் இருக்கும்போதே வந்துவிடுங்கள்" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த இளைஞரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

அன்று என் வீட்டுக்குத் திரும்பியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒருவேளை அவளுக்கு நிஜமாகவே அந்த வீடு வேண்டாம் என்றால்? நான் பார்க்காத ஏதோ ஒன்று அங்கே இருந்தால்? அப்படியானால் இந்தத் தத்தை நிறுத்துவதுதான் என் வேலை. அதற்கும் என்னைத் தயார் செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். மனதில் 'சரி'யை முடிவு செய்துகொண்டு போய்க் கேட்கிற கேள்வி, கேள்வி இல்லை.

பள்ளிக்கூட விடுமுறை நாளாகப் பார்த்துக் கம்பம் பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் பாண்டியம்மாள் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"வளத்தவளுக்கு இதான் மேடம் மருவாதி. நான் அவகிட்டப் பேசுறதே இல்ல. சோறு போடுறேன், சடை பின்னி விடுறேன். பேசல."

"பிள்ளை எங்கம்மா?"

"அவரு பின்னாலயேதான் திரியுறா. தோட்டத்துல கவாத்து நடக்குது."

"நான் அவளோட தனியாப் பேசிட்டு வரேன். அதுவரைக்கும் நீங்க இங்கேயே இருங்க. எனக்காக."

திராட்சைப் பந்தலில் அறுவடை முடிந்து, கொடிகளை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார் ராஜாங்கம். வெட்டிப் போட்ட குச்சிகளை ஹரிணி பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். ராஜாங்கத்திடம் சைகையில் சொன்னேன். அவர் தள்ளி, பந்தலின் மறுகோடிக்குப் போய் வெட்டத் தொடங்கினார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குச்சி பொறுக்கினேன். நான் திட்டப்போகிறேன் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் திட்டவில்லை என்றதும், எந்தக் குச்சியை எந்தக் குவியலில் போட வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட ஆரம்பித்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கவுன்சிலர் அம்மா இருந்தார். அவர் அடிக்கடி சொல்வார், பிள்ளைகளிடம் 'ஏன்' என்று கேட்காதே என்று. ஏன் என்றால் பெரியவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்றுதான் பிள்ளைக்குப் புரியும், வாயை மூடிக்கொள்ளும். 'எது' என்று கேள் என்பார். அன்று அதைத்தான் செய்தேன்.

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னில்ல ஹரிணி, எது வேண்டாம்?"

குவியலில் இருந்த குச்சிகளை நேராக அடுக்கினாள்.

"பெரியம்மா வேண்டாமா?"

தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"பெரியப்பா?"

"ஐயோ, பெரியப்பா வேணும்."

"இந்த வீடு?"

"வேணும்."

"அப்ப எதுதான் வேண்டாம்?"

கையில் இருந்த குச்சியை ஒடித்தாள். "எழுத்த மாத்த வேண்டாம்."

"எந்த எழுத்து?"

"மு. எம் பேருக்கு முன்னால இருக்குல்ல மேடம், அது. தத்துன்னா அது போயிருமாம்ல."

யார் சொன்னது என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நாளைக்கு ஒருத்தர் தலையில் இன்னொருத்தர் போட்டு உடைப்பார்கள். பிள்ளைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

"போனா என்ன ஆகும்?"

"அப்பா பேர யாருமே சொல்லமாட்டாக. இப்ப டீச்சர் மட்டுந்தான் சொல்லுறாக. மு. ஹரிணின்னு வாசிப்பாகல்ல, அதுல அப்பா வருவாகல்ல."

"வீட்டுல சொல்ல மாட்டாங்களா?"

"பெரியம்மா வைவாக. அப்பா ஜீப்பு ஓட்டுனதுனாலதான் அம்மா செத்துச்சாம். அம்மா போட்டோ மாட்டியிருக்காக. அப்பா போட்டோவ பீரோக்குள்ள வச்சிட்டாக." குனிந்து இன்னும் இரண்டு குச்சிகளை எடுத்தாள். முகத்தைக் காட்டாமலே சொன்னாள்: "அப்பா மெதுவாத்தான் ஓட்டுவாக மேடம். என்னையக் கூட ஒரு தடவ மேல கூட்டிட்டுப் போயிருக்காக. மெதுவாத்தான் ஓட்டுனாக."

அப்போதுதான் கவனித்தேன், பந்தலின் மறுகோடியில் கத்தரியின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"இதை நான் பெரியம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"வைவாகளே."

"வைய மாட்டாங்க. நான் இருக்கேன்ல?"

"நீங்க போன பெறகு?"

இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் பதில் இல்லை. நாம் எப்போதும் பஸ் ஏறிப் போகிறவர்கள். பிள்ளை அங்கேயே இருக்கிறது. நான் திணறிக்கொண்டிருந்தபோது பந்தலுக்கு அடியில் குனிந்து ராஜாங்கம் வந்தார்.

"நான் இங்கனதான இருப்பேன் ஆத்தா" என்றார். "வா, வீட்டுக்குப் போவோம்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னது நான் இல்லை. ராஜாங்கம்தான் சொன்னார். நின்றுகொண்டே, நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பாண்டியம்மாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஆமா, வைஞ்சேன். வைவேன். எந்தங்கச்சியக் கொண்டுபோய்க் குழியில தள்ளுனவன வையாமக் கொஞ்சுவாகளா?"

"தள்ளல பாண்டி." ராஜாங்கம் குரலை உயர்த்தவில்லை. "மேல இருந்து கல்லு உருண்டு விழுந்துச்சு. வண்டிய மலைப்பக்கமா ஒடிச்சு நிறுத்தப் பாத்திருக்கான். பொழச்சு வந்தவுக அம்புட்டுப் பேரும் நம்ம வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாக. மத்தவுக பொழச்சதே அதனாலதான்னு சொன்னாக. உனக்கும் தெரியும்."

"தெரியும்." பாண்டியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "தெரியாம என்ன. யாரையாச்சும் வையணுமே. கல்லப் போயா வைய முடியும்?"

ஆறுதல் சொல்லத் தோன்றியது, சொல்லாமல் இருந்தேன். அப்படிப்பட்ட மௌனத்தில் வாயைத் திறந்து கெடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஹரிணியைப் பார்த்தார்.

"ஏத்தா, அப்பன வைஞ்சது உனக்கு வலிச்சுச்சா?"

ஹரிணி தலையை ஆட்டினாள்.

"அப்பவே சொல்லக்கூடாதா கழுத?" என்று சொல்லிக்கொண்டே அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளை. காலும் கையும் மடிக்கு வெளியேதான் கிடந்தன.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் பேசினேன். இதில் ஒளித்து மறைத்துப் பேசக்கூடாது. ஆணை வந்துவிட்டால் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்ற இடத்தில் பாண்டியம்மாள், ராஜாங்கம் என்றுதான் இருக்கும், அதை மாற்ற முடியாது என்று ஹரிணியிடமே சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. ஆனால் உன் பேரை எப்படி எழுதுவது என்பதில் இடம் இருக்கிறது, அதை இந்த வீட்டில் நீங்கள் பேசி முடிவு செய்யலாம், மனுவில் நான் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். சட்டம் இவர்களை உனக்கு அம்மா அப்பாவாக ஆக்கும். உன் அப்பாவை இல்லாத ஆளாக ஆக்காது என்று விளக்கினேன்.

ராஜாங்கம் தொண்டையைச் செருமினார். "எனக்கு எழுத்து வேணாம் மேடம். அவ அப்பன் எழுத்தே இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பிள்ளை போதும்."

அதைச் சொல்ல அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அறிக்கை எழுதுவதற்காக முதல் தடவை நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கூச்சத்தோடு, "பள்ளிக்கூடத்துல ரா. ஹரிணின்னு கூப்பிடுவாகளா மேடம்?" என்று கேட்ட மனிதர் அவர். தன் வாழ்நாளில் தன் எழுத்து ஒரு பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்பதைப் பார்த்திராதவர்.

ஹரிணி பெரியம்மா மடியில் இருந்து தலையைத் தூக்கினாள். "ரெண்டும் போடலாம்ல? எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு ரெண்டு எழுத்து இருக்கு."

நாங்கள் மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எது முன்னால வரும்?" என்று ராஜாங்கம் கேட்டார். ரொம்ப முக்கியமான விஷயம் போலக் கேட்டார்.

"அப்பாதான் முன்னால."

ராஜாங்கம் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "சரித்தா. முன்னால வந்தவுக முன்னால."

இவ்வளவு நடந்த பிறகும் நான் அவளிடம் 'சரி' வாங்கிக்கொண்டு வரவில்லை. கிளம்பும்போது பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் கேட்கும்படியே சொன்னேன்: "கலெக்டர் சார் மறுபடி கேப்பாங்க. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. அப்பவும் வேண்டாம்னு தோணுச்சுன்னா வேண்டாம்னே சொல்லு. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." பாண்டியம்மாள் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவியாக எனக்கு அது இருந்தது.

மறு விசாரணை நாளில் மழை கொட்டியது. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது என்று கலெக்டர் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. மாறுதல் ஆணை வந்துவிட்டது, இன்றோ நாளையோ பொறுப்பை ஒப்படைத்துவிடுவார் என்று வேறு சொன்னார்கள். தாழ்வாரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் அடிக்கடி எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஈஸ்வரிக்கு நான்தான் போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். சட்டப்படி அவர் அன்றைக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பிள்ளைக்கு அவர் அத்தை. கோபத்தோடு ஒரு உறவை வெளியே நிறுத்திவிட்டு நாம் குடும்பம் கட்டக் கூடாது. நனைந்த குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தவர் பாண்டியம்மாளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அலுவலகம் முழுக்க இன்னொரு சண்டைக்குத் தயாரானது.

பாண்டியம்மாள்தான் எழுந்து போனார். "மதினி, உங்கண்ணன் போட்டோவ மாட்டிட்டேன். செல்விக்குப் பக்கத்துலயே."

ஈஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் பிள்ளைகிட்டச் சொல்லல மதினி. அன்னைக்கு ராத்திரி போன்ல எம்புருசங்கிட்ட, அண்ணன் எழுத்தும் போகப்போகுதேன்னு அழுதேன். அது அவ காதுல விழுந்திருக்கும்."

"விடுங்க. நான் வைஞ்சதும் அவ காதுலதான விழுந்துச்சு."

இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஹரிணி வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதியம் தாண்டிய பிறகு கலெக்டர் வந்தார். பேன்ட் முழங்கால் வரை சேறு. எங்களைப் பார்த்ததும், இன்று முடியாது என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "ஐந்து நிமிடம்" என்றார். கை கால் கழுவிக்கொண்டு கூப்பிட்டார்.

அதே அறை. அதே நாற்காலி. அதே கேள்வியை அவர் கேட்டார். ஹரிணி திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். பாண்டியம்மாளின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளையைப் பார்த்து ஒரு கண் ஜாடை காட்டிவிடலாமா என்று எனக்கே தோன்றியது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார்" என்றாள் ஹரிணி. "ரெண்டு எழுத்தும் போடலாமா?"

கலெக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். செத்துப்போன அப்பாவின் எழுத்தும், வளர்க்கிற அப்பாவின் எழுத்தும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஹரிணியிடம், "எங்கள் ஊரில் இனிஷியலே கிடையாது. நீ இரண்டு கேட்கிறாய்" என்றார். "போடலாம். என்னென்ன எழுத்து?"

"மு. ரா. ஹரிணி."

"சரி. இப்போது சொல். சம்மதமா?"

"எழுத்து ரெண்டும் இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்ப சரி சார்."

கலெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு எழுத்தோடும்.

வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. படியில் பாதி இறங்கியபோது ராஜாங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதறிவிட்டது. மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம். கால் வரமாட்டேங்குது. செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்."

ஈரப் படியில் அவர் பக்கத்தில் நாங்களும் நின்றோம். மனிதர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இவ்வளவு நாள் எதையோ தலையில் சுமந்தவர், இறக்கிவைத்த பிறகும் கழுத்தை அசைக்கத் தெரியாமல் இருப்பது போல இருந்தார். போவோர் வருவோர் விலகிப் போனார்கள். நான் அவசரப்படுத்தவில்லை. நம் வேலையில் சந்தோஷத்தை உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடாதீர்கள்.

ஹரிணிதான் பொறுமை இழந்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க. பசிக்குது."

காலையில் இருந்து யாரும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. பக்கத்து ஓட்டலுக்குப் போனோம். பரோட்டா சொன்னோம். பிள்ளைக்கு யார் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றுவது என்று பாண்டியம்மாளுக்கும் ஈஸ்வரிக்கும் தகராறு வந்துவிட்டது.

"சால்னா காரம் மதினி, கொறச்சு ஊத்துங்க."

"எங்கண்ணன் மக, காரம் திம்பா."

"எனக்குத் தெரியாதா எம்மக என்ன திம்பான்னு?"

எம்மக என்று சொன்ன பிறகு பாண்டியம்மாள் ஒரு நொடி நிறுத்தி, தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டார். ஹரிணி அதைக் கவனிக்கவே இல்லை. அவள் இரண்டு பேர் கையையும் விலக்கிவிட்டு, தானே பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். ராஜாங்கம் தன் தட்டில் இருந்ததையும் அவள் தட்டுக்குத் தள்ளினார். நான் இன்னும் இரண்டு பரோட்டா சொல்லி, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.